தோள்மூட்டுக்குள் ஒரு மயிரிழை விரிசல்

அலமாரியில் ஒரு கையை உயர்த்தியபடி நின்றுகொண்டிருந்த பொம்மையின் தோள், யாரும் தொடாமலேயே பிளந்துபோனது. உரிமம் பெறாத நிறுவனம் ஒன்று தானே வடிவமைத்து வெளியிட்ட, வாகனமாக உருமாறும் ரோபோ அது. அது கீழே விழவில்லை, அதன்மேல் வெயில் படவில்லை, பக்கத்தில் இருந்த எதையும் யாரும் நகர்த்தவும் இல்லை. காலையில் பார்த்தபோது கை தொங்கிக்கொண்டிருந்தது. தோளின் ஓட்டில், உலோகப் பின் செருகியிருந்த துளையிலிருந்து விளிம்புவரை கத்தியால் கீறியதைப் போல நேராக ஒரு பிளவு ஓடியிருந்தது. பெட்டியைத் திறந்த நாளில் பார்த்தவர்கள் எல்லோரும் வியந்த பொம்மை அது. அந்த முகத்தின் செதுக்கலும், மார்பிலிருந்து தோளுக்கு இறங்கும் கோடும் அதிகாரபூர்வமாக வந்த எதிலும் அவ்வளவு கச்சிதமாக அமையவில்லை என்று இன்றைக்கும் நான் சொல்வேன்.

உடைந்ததைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், அவரும் நெடுநாளாகச் சேகரிப்பவர், "லைசென்ஸ் இல்லாத சரக்குதானே, இதற்குமேல் என்ன எதிர்பார்க்க முடியும்?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஆறுதல் எனக்குள் இறங்கவே இல்லை. நாம் எல்லோரும் இத்தகைய பொம்மைகளைப் பற்றிப் பேசும்போது இந்த வாக்கியத்தைத்தான் ஏதோ ஒரு வடிவத்தில் சொல்கிறோம்: அதிகாரபூர்வமற்ற பொம்மை என்ற வகையில் நன்றாக இருக்கிறது, கிடைக்கும் விலைக்கு இது போதும், பெரிய நிறுவனம் செய்யாததை இவர்களாவது செய்தார்களே. இவை ஒவ்வொன்றும் அளவுகோலைத் தாழ்த்திப் பிடித்துவிட்டு அதன்பின் அளப்பவை. இப்படித் தாழ்த்துவது நியாயமா என்ற கேள்வி நீண்ட நாள் விடாமல் என்னை அரித்தது. அளவுகோல் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், சில இடங்களில் உரிமமில்லாத பொம்மைக்கு அது இன்னும் கடுமையாகவே இருக்க வேண்டும் என்ற முடிவுக்குத்தான் கடைசியில் வந்து சேர்ந்தேன்.

உரிமம் என்பது ஒரு கதாபாத்திரத்தின் பெயரையும் உருவத்தையும் விற்பதற்கான அனுமதி. பிளாஸ்டிக்கின் தரத்தைப் பற்றியோ மூட்டின் வலிமையைப் பற்றியோ அது எந்த உறுதியும் தருவதில்லை. 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் வெளியான அதிகாரபூர்வ டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகள் சிலவற்றில், பொன்னிறத் துகள் கலந்த பிளாஸ்டிக் காலப்போக்கில் இற்றுப்போய், தொட்டாலே நொறுங்குவதை நாம் அறிவோம். சேகரிப்பாளர்கள் அதற்கு கோல்டு பிளாஸ்டிக் சிண்ட்ரோம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். பொம்மைகளில் பெரிதும் பயன்படும் ஏபிஎஸ் என்ற கடினமான பிளாஸ்டிக், வெள்ளையாக இருந்தால் பழுப்பேறுவதும் உரிமத்தைப் பார்த்து நடப்பதில்லை. மறுபுறம், உரிமமில்லாத சில நிறுவனங்களின் இடுப்பு மூட்டுகள் பெரிய நிறுவனங்களின் தயாரிப்பைவிட உறுதியாகவும் சீராகவும் இயங்குவதைக் கையில் பிடித்தே உணர்ந்திருக்கிறேன். ஆகவே, உரிமம் இல்லை என்பதைக் கொண்டு ஒரு பொம்மையை இழித்துச் சொல்வதற்கும் இடமில்லை, மன்னித்துவிடுவதற்கும் இடமில்லை.

நகலும் சொந்தப் படைப்பும்

அதிகாரபூர்வமற்றவை என்ற ஒரே கூடைக்குள் இரண்டு முற்றிலும் வேறுபட்ட பொருள்களைப் போட்டு வைத்திருக்கிறோம். ஒன்று, தேர்ட் பார்ட்டி என்று நாம் சொல்லும் வகை: கதாபாத்திரத்துக்கு அனுமதி வாங்கவில்லை என்றாலும், பொம்மையின் உட்கட்டமைப்பு முழுவதையும் புதிதாகச் சிந்தித்து வரைந்தவை. 2000களின் பிற்பகுதியில் அதிகாரபூர்வப் பொம்மைகளுக்கான கூடுதல் கவசங்களாகவும் மாற்றுக் கைகளாகவும் தொடங்கிய இந்த வகை, பின்னர் முழுப் பொம்மைகளாக வளர்ந்தது. மற்றொன்று நாக்-ஆஃப்: ஏற்கெனவே வந்த ஒரு பொம்மையை அப்படியே பிரதியெடுப்பது. முதல் வகையில் ஒருவருடைய பெயரும் உருவமும் அனுமதியின்றிப் பயன்படுகின்றன. இரண்டாவதில் அதோடு சேர்த்து இன்னொரு பொறியாளரின் உழைப்பும் களவு போகிறது. அந்த அறக் கேள்வியை ஒதுக்கிவிட்டுத் தரத்தை மட்டும் பேசுவோம் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. தரத்தை மட்டும் பேசினால்கூட இந்த வேறுபாடு வந்து நிற்கிறது. நாக்-ஆஃப் பொம்மையின் வடிவமைப்பைப் பாராட்டினால் அந்தப் பாராட்டு அதைச் செய்தவருக்கு உரியதே அல்ல. அவருக்கு உரியது வார்ப்பு, பெயிண்ட், பொருத்தியமைத்தல் ஆகிய மூன்றின் பெருமையோ குறையோ மட்டும்தான்.

அந்த மூன்றிலும் பிரதி ஏன் சறுக்குகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஏபிஎஸ் அச்சுக்குள் குளிரும்போது 0.4 முதல் 0.7 சதவீதம்வரை சுருங்கும். ஒரு பொம்மையின் பாகத்தையே மாதிரியாக வைத்து, அந்தச் சுருக்கத்தை ஈடுகட்டாமல் புதிய அச்சு எடுத்தால், வெளிவரும் பாகம் அசலைவிடச் சிறிதாக இருக்கும். உலோகப் பின்னும் திருகும் அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. இன்று பெரும்பாலும் முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, சுருக்கத்தைக் கணக்கில் சேர்த்தே அச்சு வெட்டுகிறார்கள் என்பதால் இந்தக் குறை குறைந்திருக்கிறது. ஆனால் ஸ்கேன் தருவது ஒரு பாகத்தின் மேற்பரப்பை மட்டுமே. பின் செருகும் துளை எவ்வளவு கூடினாலும் குறைந்தாலும் ஏற்கலாம் என்று அசல் வரைபடத்தில் எழுதியிருந்த வரம்பு பொம்மையின் உடலில் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. உள்ளே சுழலும் சிறு பாகத்தைப் பிஓஎம் என்ற வழுக்கும் பிளாஸ்டிக்கில் வார்த்து, அது ஏபிஎஸ் உடலோடு உரசும்படி அமைத்திருப்பார் அசல் வடிவமைப்பாளர். ஒரே வகைப் பிளாஸ்டிக் தன்னோடு தானே உரசினால் விரைவில் தேயும், கிறீச்சிடும் என்பது அவருக்குத் தெரியும். பிரதியெடுப்பவர் கண்ணுக்கு இரண்டும் சாம்பல் நிறப் பாகங்கள். இரண்டையும் ஏபிஎஸ்ஸிலேயே வார்த்துவிடுகிறார். முதல் வாரம் வித்தியாசம் தெரியாது.

பெரிதாக்கிய நாக்-ஆஃப்களில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. உயரத்தை 1.25 மடங்காக்கினால் எடை ஏறத்தாழ 1.95 மடங்காகிறது. கையும் நீள்வதால், நீட்டிய கை தோளின்மேல் செலுத்தும் முறுக்குவிசை 2.4 மடங்கைத் தாண்டிவிடுகிறது. அதை எதிர்த்து நிற்க வேண்டிய உராய்வோ, மூட்டு அதே இறுக்கத்தில் இருந்தால், 1.95 மடங்குதான் கூடும். சிறிய அசலில் கம்பீரமாக நின்ற கை, பெரிதாக்கிய பிரதியில் மெல்லத் தாழ்ந்துபோவதற்கு இந்தக் கணக்கே போதும். அந்த இடைவெளியை நிரப்ப மூட்டுகளை அளவுக்கு மீறி இறுக்கிவிடுகிறார்கள். அந்த இறுக்கம் என்ன செய்யும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கண்ணுக்குத் தெரிபவை

பெயிண்ட், அச்சுக்கோடு, பாகத்தை அச்சுச் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்த தடம் ஆகியவற்றைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அவற்றைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். முன்பதிவுக்காகக் காட்டும் படங்களில் இருப்பது பெரும்பாலும் கையால் வண்ணம் தீட்டிய முன்மாதிரி. அதோடு ஒப்பிட்டு ஏமாறுவதில் பயனில்லை. தடித்த பகுதிகளின் மேற்பரப்பு உள்வாங்கிக் குழிந்திருந்தால், வார்ப்பு நேரத்தைக் குறைத்து அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். உருமாற்றத்தின்போது ஒன்றோடொன்று உரசும் பரப்புகளில் பெயிண்ட் அடித்திருந்தால் அது உரியும். வண்ணத்தைப் பிளாஸ்டிக்கிலேயே கலந்து வார்த்தவர் அதை முன்கூட்டியே யோசித்தவர்.

எடை ஒன்றைப் பற்றி மட்டும் நின்று பேசத் தோன்றுகிறது. கையில் கனத்தால் நல்ல பொம்மை என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உரிமமில்லாத நிறுவனங்கள் இதை நன்றாகவே அறிந்து, துத்தநாகக் கலவை உலோகத்தை அள்ளித் தெளிக்கின்றன. பாதத்தில் உலோகம் இருந்தால் ஈர்ப்பு மையம் தாழ்ந்து பொம்மை உறுதியாக நிற்கும்; அது நல்ல முடிவு. இடுப்பின் உட்சட்டகத்தில் இருந்தாலும் பொருள் உண்டு. மார்பிலும் முன்கையிலும் உலோகத்தை வைத்தால் அது மேல் மூட்டுகளைக் களைப்படையச் செய்வதைத் தவிர வேறெதையும் செய்வதில்லை. பக்கத்திலேயே இருக்கும் பிளாஸ்டிக் பாகத்தின் நிறத்தோடு உலோகத்தின் பெயிண்ட் ஒத்துப்போவதும் அரிது. எடை எங்கே இருக்கிறது என்று கேட்காமல் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் சொல்லும் எந்த விமர்சனத்தையும் நான் பொருட்படுத்துவதில்லை.

மூட்டுகள் சொல்வது

அசையும் பொம்மையின் தரம் மூட்டில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. சிலையை நாம் கண்ணால் மட்டும் பார்க்கிறோம். அசையும் பொம்மையைக் கையும் பார்க்கிறது. ராட்செட் மூட்டை, அதாவது உள்ளிருக்கும் பற்களில் மாட்டிச் சொடுக்குச் சொடுக்காக நகரும் மூட்டை, எடுத்துக்கொள்வோம். உள்ளே 24 பற்கள் இருந்தால் ஒவ்வொரு சொடுக்கிலும் 15 பாகை நகரும், 12 பற்கள் இருந்தால் 30 பாகை. தோளுக்கு 30 பாகைகூடப் பரவாயில்லை. இடுப்பில் 30 பாகைப் படிகள் இருந்தால் பொம்மையை இயல்பாக நிற்கவைக்கவே முடியாது. ஒரு சொடுக்குக்கு முன்னால் கால் ஒட்டிக்கொண்டிருக்கும், அடுத்த சொடுக்கில் அகன்று போய்விடும். அதனால் சொடுக்குச் சத்தம் பலமாக இருப்பதை மட்டும் வைத்து மகிழ்வதில் பொருளில்லை. இரண்டு சொடுக்குகளுக்கு நடுவில் மூட்டு எவ்வளவு ஆடுகிறது என்பதையும், பாதத்தைப் பிடித்துக்கொண்டு உடலை முன்னும் பின்னும் சாய்த்தால் எந்த மூட்டு முதலில் இணங்கிக் கொடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நன்றாக வடிவமைத்த பொம்மையில் கீழே இருப்பவை உறுதியாக நிற்கும், மேலே இருப்பவை முதலில் நகரும்.

தளர்ந்த மூட்டைவிட மிகையாக இறுகிய மூட்டுதான் ஆபத்தானது என்பதையும் சொல்லியாக வேண்டும். தளர்ந்த பந்து மூட்டின்மேல் மெல்லிய அக்ரிலிக் பூச்சு ஒன்றைத் தடவி உலரவிட்டால் அது பிடித்துக்கொள்ளும். இறுகிய மூட்டைத் திருப்ப முயலும்போது தண்டு முறுகி அறுந்தால், மாற்றுப் பாகம் கிடைக்காத பொம்மைக்கு அதோடு கதை முடிந்துவிடும். ஒரு கொக்கியை அழுத்தி மாட்டும்போது அதன் அடிப்பகுதி வெளிறினால், பிளாஸ்டிக் தன் தாங்கும் எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள். அடர்நிறப் பாகங்களில் அந்த வெண்மை தெளிவாகத் தெரியும், வெளிர்நிறத்தில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துத் தேட வேண்டும்.

பாராட்ட வேண்டியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என்னிடமிருக்கும் உரிமமில்லாத இன்னொரு பொம்மையில், முழங்காலை மடக்கும்போது முழங்கால் கவசம் தானாகவே சற்று முன்னுக்கு வழுக்கி, மடிப்பில் தோன்றும் இடைவெளியை மூடிவிடுகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது, முதுகில் மறைந்திருக்கும் ஒரு கொக்கி. அதன் ஒரு பக்கத்தில் மட்டும் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு சாய்வு இருக்கிறது. பாகத்தைத் தவறான திசையிலிருந்து நுழைக்க முயன்றால் அது தடுக்கிறது. சரியான திசையில் வந்தால் விரலுக்கு வழிகாட்டி உள்ளே இழுத்துக்கொள்கிறது. பெட்டியிலும் கையேட்டிலும் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்தச் சாய்வை விரல் நுனியில் உணர்ந்த கணத்தில், பெயர் தெரியாத அந்த வடிவமைப்பாளர் மீது எனக்கு உண்டான மரியாதை பெரிது. இன்னொருவரின் கை இந்தப் பாகத்தை எப்படிப் பிடிக்கும், எங்கே தடுமாறும் என்று அவர் உட்கார்ந்து நினைத்துப் பார்த்திருக்கிறார். உரிமமில்லாதது என்பதற்காக இந்த உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதும் அநீதிதான்.

மறு தோளைத் திறந்தபோது

மீண்டும் அந்த ரோபோவுக்கு வருகிறேன். ஒரு தோள் உடைந்துவிட்டது, மறு தோள் நன்றாக இருந்தது. உடைந்ததை ஆராய்ந்தால் உடைந்தது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று தோன்றியதால், நன்றாக இருந்ததைத் திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். திருகுகளைக் கழற்றி, பின்னின் வரி செதுக்கிய முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து மெல்லத் தட்டி அதை வெளியே எடுத்தேன். ஓட்டின் இரு பாதிகளும் பிரிந்தன. உள்ளே ராட்செட் அழகாக இருந்தது. பற்கள் கூர்மையாகவும் தேயாமலும் இருந்தன, மசகுகூடச் சிக்கனமாக இட்டிருந்தார்கள். பிறகு ஓட்டை விளக்குக்கு நேரே பிடித்து உருப்பெருக்கியால் பார்த்தேன். துளையைச் சுற்றி, வெளிப்புறத்திலிருந்து பார்த்தால் ஒருபோதும் தெரியாத இடத்தில், மயிரிழை போன்ற வெண்கோடுகள் விளிம்பை நோக்கிக் கிளம்பியிருந்தன. அவற்றில் ஒன்று மற்றவற்றைவிட நீண்டிருந்தது. உடைந்த தோளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பிளவு ஓடிய அதே இடம், கண்ணாடியில் பார்ப்பதைப் போல இடவலம் மாறி, அதே கோணம்.

நான் உருப்பெருக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். அதுவரை, ஆயிரத்தில் ஒன்றாக என் கைக்கு வந்துசேர்ந்த குறையுள்ள பாகம் அது என்று நினைத்துக்கொள்ள இடமிருந்தது. இரு தோள்களிலும் ஒரே இடத்தில் ஒரே கோடு என்றால் அதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் பாயும்போது, துளைக்காக நிறுத்தியிருக்கும் கம்பியை எதிர்கொண்டு இரண்டாகப் பிரிந்து, அதன் மறுபக்கத்தில் மீண்டும் சேர்கிறது. அதற்குள் சற்று ஆறிவிட்ட இரு ஓட்டங்களும் முழுமையாகக் கலப்பதில்லை. வெல்டு லைன் என்று வார்ப்புத் துறையில் சொல்லும் அந்தக் கோடு பாகத்தின் மிக நலிந்த இடம். அந்த இடத்திலேயே, துளையைவிடச் சற்றுப் பருத்த பின்னை அழுத்திச் செருகியிருக்கிறார்கள். பின் துளையை இரவும் பகலும் வெளிநோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்குகள் நெடுநேரம் இழுவிசையில் இருந்தால், ஒரே அடியில் உடையக்கூடிய விசையைவிட மிகக் குறைந்த விசையிலேயே மெல்ல விரிசல் விடும். பொருந்தாத எண்ணெய்ப் பசையோ பெயிண்ட் கரைப்பானோ பட்டிருந்தால் அது இன்னும் விரைவாக நடக்கும். யாரும் தொடாமல் எப்படி உடைந்தது என்ற என் கேள்விக்கு இதுதான் விடை. அந்தத் தோள் தொழிற்சாலையில் பின் செருகிய நிமிடம் முதலே உடைந்துகொண்டிருந்தது.

இதைத் தவிர்த்திருக்க முடியாதா என்றால், முடியும். துளையைச் சுற்றிய சுவரை ஒரு மில்லிமீட்டர் தடிப்பாக்கியிருக்கலாம். பிளாஸ்டிக் பாயும் வாயை வேறு பக்கத்தில் வைத்து, வெல்டு லைன் தடித்த பகுதியில் விழும்படி செய்திருக்கலாம். பின் ஒரு முனையில் மட்டும் பிடித்துக்கொண்டு, மீதித் துளை நெடுகிலும் தளர்வாகச் சுழலும்படி விட்டிருக்கலாம். இவற்றில் முதலாவதை ஏன் செய்யவில்லை என்று யோசித்தபடி ஓட்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. சுவரைத் தடிப்பாக்கினால் தோள் வெளியே பருக்கும். நான் வியந்து வியந்து பார்த்த அந்தக் கோடு, மார்பிலிருந்து தோளுக்கு இறங்கும் அந்த நேர்த்தியான கோடு, கெட்டுப்போகும். அந்த அழகும் இந்த விரிசலும் ஒரே முடிவிலிருந்து பிறந்தவை. வடிவமைப்பாளர் அந்த ஒரு மில்லிமீட்டரை உருவத்துக்குக் கொடுத்துவிட்டு மூட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து, செதுக்கலுக்கு ஒரு மதிப்பெண், மூட்டுக்கு ஒரு மதிப்பெண், பெயிண்டுக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியாகக் கொடுத்துக் கூட்டிப் பார்க்கும் முறையில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அந்த முறைப்படி பார்த்தால் இந்த ரோபோ செதுக்கலில் முழு மதிப்பெண் வாங்கி, மூட்டில் சிறிது இழந்து, நல்ல பொம்மை என்ற பெயரோடு வெளியேறும். ஆனால் செதுக்கலுக்குக் கொடுத்த மதிப்பெண் மூட்டிலிருந்து கடன் வாங்கியது. அசையாத சிலையில் அந்தக் கோடு சாதனை. அசைக்கவும் உருமாற்றவும் என்று விற்கும் பொருளில், தாங்க முடியாத சுவரைக் கொண்டு பெற்ற கோட்டைச் சாதனை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

பின்னால் யாரும் இல்லாதபோது

அளவுகோல் கடுமையாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் வெறுப்பு அல்ல. இதே விரிசல் பெரிய நிறுவனத்தின் பொம்மையில் வந்தால், குறைந்தது புகார் செய்ய ஒரு முகவரி உண்டு, பல நேரங்களில் மாற்றுப் பாகமும் கிடைக்கும். உரிமமில்லாத நிறுவனங்களில் சில, மாற்றுப் பாகங்களைப் பொறுப்போடு அனுப்புகின்றன என்பது உண்மை. வேறு சில, ஒரு தொகுதி விற்றுத் தீர்ந்ததும் பெயரையே மாற்றிக்கொள்கின்றன. அப்போது வாங்கியவரிடம் மிஞ்சுவது அந்தப் பொருள் மட்டும்தான். பின்னால் தாங்கிப்பிடிக்க ஆளில்லாத பொருள், தானாகவே கூடுதல் உறுதியோடு இருக்க வேண்டும்.

பாதுகாப்பும் இதில் அடங்கும். அமெரிக்காவில் 2008-இல் வந்த நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம், குழந்தைகளின் பொம்மைகளில் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட்டுகளில் குறிப்பிட்ட சில 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், பெயிண்டில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்றும் வரம்பு வைத்தது. ஐரோப்பாவிலும் இதே போன்ற வரம்புகள் உண்டு. உரிமமில்லாத பொம்மைகள் பெரும்பாலும் பெரியவர்களுக்கான சேகரிப்புப் பொருள் என்ற அடையாளத்தோடு வருகின்றன. குழந்தைகளுக்கான பரிசோதனைகள் எதற்கும் அவை உட்பட்டவை என்று எண்ணிக்கொள்ள எந்த ஆதாரமும் இல்லை. மென்மையான பிவிசி பாகம் நாளடைவில் பிசுபிசுக்கத் தொடங்கினால், அதை மென்மையாக்கச் சேர்த்த பொருள் மேற்பரப்புக்குக் கசிந்து வருகிறது என்று பொருள். பெட்டியைத் திறந்ததும் வரும் கடும் வாடை எதையும் நிரூபிக்காது. ஆனாலும் அத்தகைய பொம்மையைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வைப்பதே சரி. காந்தம் உள்ள பொம்மை என்றால் இதில் விவாதத்துக்கே இடமில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த நிறுவனங்கள் ஒரு குறையை அறிந்தால், அறிவிப்பு எதுவும் இல்லாமல் அடுத்த தொகுதியில் அச்சைத் திருத்திவிடுவதுண்டு. இது நல்ல பழக்கம்தான். ஆனால் இதனால் ஒரே பெயரில், ஒரே பெட்டியில், இரண்டு வெவ்வேறு தரமுள்ள பொம்மைகள் புழக்கத்தில் இருக்கின்றன. முதல் தொகுதியைப் பார்த்து எழுதிய வசை இரண்டாம் தொகுதிக்குப் பொருந்தாமல் போகலாம், புகழும் அப்படியே. பெரும்பாலான விமர்சனங்கள் பெட்டியைத் திறந்த அன்றே எழுதப்படுகின்றன என்பதால் சிக்கல் இரட்டிப்பாகிறது. இந்த ரோபோவின் விரிசலை எந்த முதல் நாள் விமர்சனமும் கண்டிருக்க முடியாது.

நன்றாக இருந்த தோளின் துளையைக் கைத்துருவியால் மயிரளவு அகலப்படுத்தி, வெண்கோடுகள் மேலும் ஓடாதபடி உட்புறத்தில் மெல்லிய ஏபிஎஸ் தகடு ஒன்றை ஒட்டி வலுப்படுத்திப் பூட்டியிருக்கிறேன். இப்போதைக்குத் தாங்குகிறது. இந்தப் பொம்மையை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், இரண்டாம் தொகுதி வந்து, யாராவது அதன் தோளைத் திறந்து பார்த்துச் சொல்லும்வரை வேண்டாம் என்றே சொல்கிறேன். செதுக்கலைப் பார்த்து மயங்கிக் கேட்பவர்களிடமும் அதே பதில்தான். இத்தகைய பொம்மைகளைப் பற்றி எழுதுபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: உங்களிடம் இருப்பது எந்தத் தொகுதி, எவ்வளவு காலமாக வைத்திருக்கிறீர்கள், எந்த நிலையில் நிறுத்தியிருந்தீர்கள், எத்தனை முறை உருமாற்றினீர்கள், உள்ளே திறந்து பார்த்தீர்களா என்பவற்றை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். ஒரு வருடம் கழித்து அதே பொம்மையை எடுத்து, பின் செருகிய இடங்களை விளக்கில் பார்த்து, இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். நானும் இந்த ரோபோவைப் பற்றி அப்படி எழுதுவேன்.